உங்களுக்குத் தெரியுமா? பாரிஸ் அழகும் நம்ம ஊர் பிச்சிப்பூவும்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே துணிக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று வருஷம் முழுக்கப் பை பையாக வாங்கி வருகிறோம். ஆனாலும் ஒரு கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் காலையில் அலமாரியைத் திறந்துபோட்டு, "உடுத்த ஒண்ணுமே இல்லையே" என்று கையைப் பிசைகிறோம். பிரெஞ்சுப் பெண்களைப் பார்த்து உலகம் வியப்பது இந்த இடத்தில்தான். அவர்கள் அலமாரியில் உடைகள் கொஞ்சம், ஆனால் ஒவ்வொன்றும் அவர்களுக்கென்றே அளந்ததுபோல் இருக்கும். முகத்தில் பூச்சு கொஞ்சம், சருமத்தில் கவனம் அதிகம். அந்தப் பாணியைக் கற்றுக்கொள்ளும் ஆசையில் தகவல் தேடப் புறப்பட்டேன். பாரிஸுக்குப் போகும் வழியில் தோவாளை வந்தது, முளகுமூடு வந்தது, முஞ்சிறை வந்தது. நீங்களும் கூடவே வாருங்கள்.

ஷனேல் சீசாவுக்குள் பிச்சி

தெற்கு பிரான்ஸில் கிராஸ் என்றொரு சிற்றூர். வாசனைத் திரவியங்களின் தாய்வீடு என்று பெயர் பெற்றது. அந்த வட்டாரத்தின் வாசனைக் கலையை 2018-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. 1921-இல் கோகோ ஷனேல் வெளியிட்ட 'நம்பர் 5' என்ற புகழ்பெற்ற வாசனைத் திரவியத்தின் முக்கிய மணங்களில் ஒன்று கிராஸ் மல்லிகை. அதன் தாவரவியல் பெயர் ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம். தோவாளைப் பூச்சந்தையில் அதே பூவுக்கு என்ன பெயர் தெரியுமா? பிச்சி! நாம் கூந்தலில் ஒரு சாண் வைத்துக்கொண்டு போகிறோமே, அதுதான்.

ஒரு கிலோவுக்கு எத்தனை பூ?

பிச்சியில் ஒரு கிலோ சேர்க்கச் சுமார் 8,000 பூக்கள் வேண்டும். வாசனைத் திரவியத்துக்குப் பயன்படும் சுத்தமான சாரம் ஒரு கிலோ எடுக்க 600 கிலோவுக்கும் மேல் பூ தேவைப்படும். கிராஸிலும் சரி, தோவாளையிலும் சரி, பூப்பறிக்கும் பெண்கள் வெயில் ஏறும் முன்பே தோட்டத்தில் இருப்பார்கள். வெயில் பட்டால் மணம் குறையும். தமிழ்நாட்டு மல்லிகைச் சாரம் பிரெஞ்சு வாசனை நிறுவனங்களுக்கு ஏற்றுமதியாவதும் நெடுநாள் வழக்கம்.

பிரெஞ்சு வாயில் தமிழ்ச் சொல்

பிரெஞ்சுக்காரர்கள் 'வெத்திவேர்' என்று சொல்லும் வாசனைப் பொருள் நம் வெட்டிவேர்தான். சொல்லே தமிழிலிருந்து போனது. கெர்லான் என்ற பழம்பெரும் பாரிஸ் நிறுவனம் அந்தப் பெயரிலேயே ஒரு வாசனைத் திரவியம் விற்கிறது. மலையாளச் சாயலோடு பேசும் நம் பக்கத்தில் இதை ராமச்சம் என்றும் சொல்வோம். அந்த வேரைப் பானைத் தண்ணீரில் போட்டுக் குடிக்கிறோம், துணி அலமாரியிலும் வைக்கிறோம்.

சால்வை மடிப்பில் பச்சிலை

'பச்சௌலி' என்ற வாசனைப் பெயரையும் பச்சை, இலை என்ற தமிழ்ச் சொற்களோடுதான் மொழியறிஞர்கள் இணைக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் காஷ்மீர் சால்வைகளைப் பூச்சி அரிக்காமலிருக்க இந்த இலையை மடிப்பில் வைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். சால்வை வாங்கிய பெண்களுக்கு அந்த மணம் பிடித்துப்போயிற்று. இந்த மணம் இருந்தால்தான் அசல் சால்வை என்று நம்பும் அளவுக்குப் போனது.

மணம் எவ்வளவு போதும்?

பிரெஞ்சுப் பெண்கள் பலர் தங்களுக்கு ஏற்ற ஒரே மணத்தைத் தேர்ந்தெடுத்து வருஷக்கணக்கில் அதையே பயன்படுத்துவார்கள். மணிக்கட்டில் ஒரு துளி, காதுக்குப் பின்னால் ஒரு துளி. அந்த இடங்களில் உடம்புச் சூடு சற்று அதிகம் என்பதால் மணம் மெல்ல மெல்ல எழும். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்பது கணக்கு. பிச்சி வைத்தவள் நடந்துபோன பிறகு நடையில் லேசாக ஒரு வாசம் நிற்குமே, அந்த அளவு.

நம் துணிக்குப் பிரான்ஸில் தடை

17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து போன பூ வரைந்த பருத்தித் துணிகள் பிரெஞ்சுப் பெண்களைப் பைத்தியமாக்கின. துவைத்தாலும் சாயம் போகாத பருத்தியை அவர்கள் அதுவரை கண்டதில்லை. உள்ளூர்ப் பட்டு, கம்பளி நெசவாளர்கள் கொதித்தார்கள். 1686-இல் பிரெஞ்சு அரசு இந்தத் துணிகளுக்குத் தடை போட்டது. 1759 வரை, அதாவது 73 வருஷம், தடை நீடித்தது. தெருவில் உடுத்தி வந்தவர்களுக்கு அபராதம். அப்படியும் பெண்கள் விடவில்லை. வீட்டுக்குள் உடுத்தினார்கள், கள்ளத்தனமாகவும் வாங்கினார்கள்.

ராணியின் வெள்ளை மஸ்லின்

1783-இல் விஜே லெ ப்ரன் என்ற பெண் ஓவியர் பிரெஞ்சு ராணி மரி அந்துவானெத்தை ஒரு சாதாரண வெள்ளை மஸ்லின் உடையில் வரைந்தார். பாரிஸ் ஓவியக் கண்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் கொந்தளித்தார்கள். ராணி பட்டு உடுத்தாமல் உள்ளாடை போன்ற பருத்தியிலா நிற்பது என்று ஒரே கூச்சல். படத்தைக் கழற்றி எடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் சில வருஷங்களில் பிரெஞ்சுப் பெண்கள் வெள்ளைப் பருத்திக்குக் கூட்டமாக மாறினார்கள்.

வெள்ளை என்றால் நம் ஊர்

வெள்ளைப் பருத்தியின் அழகை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் போகும் வழியில் இருக்கும் பாலராமபுரம் கைத்தறி முண்டும் நேரியலும் இந்தியா முழுக்கப் பெயர் பெற்றவை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் அங்கே குடியமர்த்தப்பட்ட சாலியர் நெசவாளர்கள் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போனவர்கள். வெள்ளை உடம்பு, ஓரத்தில் ஒரு விரல் கசவு. பாரிஸின் எந்த நல்ல தையல்காரரும் தலைவணங்கும் அடக்கம் அதில் இருக்கிறது.

ஒரு நேரியல் 30 வருஷம் எப்படி உழைக்கும்?

எங்கள் அம்மச்சியிடம் கோயிலுக்குப் போக, கல்யாண வீட்டுக்குப் போக என்று இரண்டே இரண்டு நல்ல நேரியல்கள் இருந்தன. துவைத்த நேரியலைச் சோறு வடித்த கஞ்சியில் தண்ணீர் சேர்த்து முக்குவார். முறுக்கிப் பிழிய விடமாட்டார், இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து அழுத்தித்தான் எடுக்க வேண்டும். நிழலில் காயப்போட்டு, லேசாக ஈரம் இருக்கும்போதே என்னைக் கூப்பிடுவார். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து எதிரெதிரே நின்று இழுக்க வேண்டும். 'டப்' என்று ஒரு சத்தம் வரும், சுருக்கமெல்லாம் போய்விடும். பழைய மடிப்பிலேயே மடித்து, பாய்க்கு அடியில் ஒரு ராத்திரி. காலையில் இஸ்திரி போட்டதுபோல் இருக்கும். "மக்ளே, துணி தானா பழசாவாது. நாமதான் அதப் பழசாக்குவோம்" என்பார். இன்று பிரெஞ்சு ஆடைக் குறிப்புகளில் படிக்கும் முதல் பாடமும் இதுதான்: கொஞ்சம் வாங்கு, நல்லதாக வாங்கு, பேணு.

மெட்ராஸ் துணி பேசும் மொழி

கரீபியன் கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் பெண்கள் தலையில் கட்டும் கட்டம் போட்ட பருத்தித் துணிக்குப் பெயரே 'மெட்ராஸ்'. 1853, 1854 ஆண்டுகளில் தொடங்கி பாண்டிச்சேரி, காரைக்காலிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாக அந்தத் தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். மெட்ராஸ் துணியைத் தீவுப் பெண்கள் தங்கள் மொழியாகவே ஆக்கிக்கொண்டார்கள். தலைக்கட்டில் ஒரு முனை நின்றால் மனம் காலியாக இருக்கிறது என்று பொருள். இரண்டு முனை என்றால் நிச்சயமாகிவிட்டது. மூன்று என்றால் மணமானவள். ஒரே துணியை நாலு விதமாகக் கட்டத் தெரிந்தால் நாலு துணி எதற்கு?

பாரிஸில் பேன்ட் போடத் தடை

அழகின் தலைநகரம் என்கிறோமே, அந்தப் பாரிஸில் 1800 நவம்பர் 7 அன்று ஓர் ஆணை பிறந்தது. ஆண்களைப் போல் உடுத்த விரும்பும் பெண் காவல்துறைத் தலைமையிடம் அனுமதி வாங்க வேண்டும். 1892-இலும் 1909-இலும் கொஞ்சம் தளர்த்தினார்கள். கையில் குதிரைக் கடிவாளமோ சைக்கிள் கைப்பிடியோ இருந்தால் பேன்ட் போடலாம்! நடைமுறையில் செத்துப்போன அந்த ஆணை இனிச் செல்லாது என்று அரசு முறைப்படி அறிவித்தது எப்போது தெரியுமா? 2013 ஜனவரி 31. அறிவித்தவர் பெண்கள் உரிமைத் துறை அமைச்சராக இருந்த நஜாத் வல்லோ-பெல்காசெம். அதற்கு வெகுகாலம் முன்பே, 1966-இல், ஈவ் சேன் லோரான் பெண்களுக்கென்று கோட்டும் பேன்டுமாக ஒரு மாலை உடையைத் தைத்து உலகப்புகழ் பெற்றுவிட்டார்.

தோள்சீலைக்காக ஒரு போராட்டம்

பாரிஸில் பேன்ட் என்றால் இங்கே மேலாடை. தென் திருவிதாங்கூரில் நாடார் சமூகப் பெண்களும் மற்றப் பல சமூகப் பெண்களும் மார்பை மறைத்து மேல்துணி போடக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. 1814-இல் கிறிஸ்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் என்ற சட்டை போட அரசு அனுமதித்தது. 1814-இல் கிறிஸ்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் என்ற சட்டை போட அரசு அனுமதித்தது. அந்தப் பெண்களோ அதோடு நிற்காமல் தோள்சீலையும் போட்டுக்கொண்டார்கள். 1822-இல் கல்குளம் பகுதியில் கலவரம் வெடித்தது. 1820-களின் இறுதியில் மறுபடி ஒரு கலவரம். 1858-59-இல் மூன்றாம் முறை. சந்தைக்கு வந்த பெண்களின் மேல்துணி பொது இடத்தில் கிழித்தெறியப்பட்டது. பள்ளிகளும் கிறிஸ்தவக் கோயில்களும் தீக்கிரையாயின. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் நெருக்கியபின், 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மன்னர் உத்தரவு பிறப்பித்தார்: நாடார் பெண்கள் எந்த மதத்தவரானாலும் மார்பை மறைத்து உடுத்தலாம். அதிலும் ஒரு முள் இருந்தது. உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் மட்டும் உடுத்தக் கூடாதாம்.

கல்குளம், இரணியல், விளவங்கோடு என்று நாம் தினமும் பஸ்ஸில் கடந்துபோகும் ஊர்கள்தான் அந்தப் போராட்டத்தின் களம். ஸ்டைல் என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால், இந்த ஊர்ப் பெண்கள் ஒரு துண்டுத் துணிக்காகப் பட்ட அடியை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

தலைப்பாகையும் தன்மானமும்

அதே காலத்தில் சுவாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தம்மை வழிபட வந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். தாழ்த்தப்பட்டவர் தலையில் துணி கட்டக் கூடாது என்றிருந்த நாட்டில், அது ஒவ்வொரு தலைக்கும் சூட்டிய கிரீடம். இன்றும் அய்யாவழிப் பதிகளில் ஆண்கள் தலைப்பாகையோடுதான் வழிபடுகிறார்கள்.

நூலில் வந்த விடுதலை

1819-இல் சார்லஸ் மால்ட்டும் மார்த்தா மால்ட்டும் நாகர்கோவில் வந்து சேர்ந்தார்கள். சில வருஷங்களுக்குள் மார்த்தா பெண் பிள்ளைகளுக்கு ஐரோப்பிய லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். மடியில் ஓர் உருண்டைத் தலையணை. அதன்மேல் கோலம் போட்டது போன்ற வரைபடம். புள்ளிக்குப் புள்ளி குண்டூசி. நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்கட்டைகளை இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் போட்டால் ஊசியைச் சுற்றி வலை போலப் பின்னல் வளரும். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே, லேஸ் பின்னிச் சேர்த்த கூலியால் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய அடிமைப் பெண்கள் இந்த மண்ணில் உண்டு.

முளகுமூட்டுக்கு வந்த பெல்ஜியப் பெண்

பிரான்ஸும் அதை ஒட்டிய பெல்ஜியமும் லேஸ் வேலைக்குப் பேர்போன நாடுகள். 1897-இல் பெல்ஜியத்திலிருந்து மரி லூயிஸ் தெ மேஸ்தர் என்ற துறவி, மார்த்தாண்டத்திலிருந்து தக்கலை போகும் பாதையில் இருக்கும் முளகுமூட்டுக்கு வந்து சேர்ந்தார். ஆதரவற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர் அங்கேயே ஒரு துறவற சபையைத் தொடங்கினார். உலகின் பல நாடுகளுக்குப் பரவிய ஐ.சி.எம். சகோதரிகள் சபையின் பிறப்பிடம் முளகுமூடு. ஊசியும் நூலும் அங்கே பெண்களுக்குச் சோறு போட்ட கல்வி ஆயிற்று. பாட்டி காலத்து லேஸ் வைத்த தலையணை உறையோ கைக்குட்டையோ உங்கள் வீட்டில் இருந்தால் டிரங்குப் பெட்டியில் விட்டுவைக்காதீர்கள். ஒரு பிளவுஸ் கைக்கு அது போதும்.

கோடு போட்ட பனியனின் வயது

பிரெஞ்சுப் பெண் என்றதும் நினைவுக்கு வரும் நீலமும் வெள்ளையும் கோடு போட்ட சட்டை கப்பற்படைச் சீருடையாகப் பிறந்தது. 1858 மார்ச் 27-இல் வந்த அரசாணை வெள்ளைக் கோடுகள் 21 என்று எண்ணிக்கையைக்கூடச் சொல்லியது. மாலுமிகளின் அந்தச் சட்டையைப் பெண்களின் ஆடையாக்கியதில் ஷனேலுக்குப் பெரும் பங்கு உண்டு. பிரான்ஸ் சட்டைக் கோடுகளை எண்ணிய அதே 1858-இல்தான் இங்கே நம் பெண்கள் மூன்றாம் முறையாகத் தோள்சீலைக்கு அடிபட்டார்கள்.

ஒரே ஒரு கறுப்பு உடை

1926-இல் ஷனேல் வரைந்த எளிய கறுப்பு உடையை அமெரிக்காவின் 'வோக்' பத்திரிகை ஃபோர்டு காரோடு ஒப்பிட்டது. யாரும் வாங்கலாம், எங்கும் ஓடும்! அதுவரை கறுப்பு துக்கத்தின் நிறம். நம் ஊரில் கல்யாணத்துக்குக் கறுப்பு வேண்டாம் என்பார்கள், அதில் தவறில்லை. பாடம் நிறத்தில் இல்லை. எந்த இடத்துக்கும் தயங்காமல் உடுத்திப்போகும் ஒரு உடை ஒவ்வொருத்தியிடமும் இருக்க வேண்டும். உங்களுக்கு அது கரும்பச்சைக் கைத்தறிச் சேலையாக இருக்கலாம், வெள்ளைச் சுடிதாராகவும் இருக்கலாம்.

90-க்கு 90

எர்மெஸ் நிறுவனத்தின் பட்டுக் கழுத்துத்துணி 1937-இல் வந்தது. அளவு 90 சென்டிமீட்டருக்கு 90. கழுத்தில், தலையில், இடுப்பில், கைப்பையின் பிடியில் என்று அதைக் கட்டாத இடமில்லை. நம் துப்பட்டாவும் நேரியலும் அதைவிட நீளம். அப்படியிருக்க, இரண்டு தோளிலும் பின் குத்திவிட்டு மறந்துவிடுகிறோம்.

சோப்பில் 72

பிரான்ஸின் மார்செய் நகரத்து மரபான சோப்பில் '72%' என்று முத்திரை இருக்கும், அவ்வளவு எண்ணெய் என்று பொருள். ஆலிவ் எண்ணெய் தவிர வேறு கொழுப்பு சேர்க்கக் கூடாது என்று 1688-இலேயே அரசாணை வந்தது. நம் தேங்காயெண்ணெயிலோ லாரிக் அமிலம் ஏறக்குறையப் பாதி. தேங்காயெண்ணெய்ச் சோப்பு உப்புத்தண்ணீரிலும் நுரைப்பதற்கு அதுதான் காரணம். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது பரிசோதித்த உண்மை.

தலைக்கு எண்ணெய்: ஆய்வு சொல்வது

2003-இல் மும்பை ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவிப் பார்த்தார்கள். கழுவும்போது முடியிலிருந்து புரதம் இழப்பதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான். அதன் மூலக்கூறு முடித்தண்டுக்குள் ஊடுருவுகிறது. குளிப்பதற்கு முன் எண்ணெய், பிறகு செம்பரத்தி இலைத் தாளி என்ற நம் வீட்டு முறைக்கு ஆய்வுக்கூடத்தின் ஆதரவும் கிடைத்துவிட்டது. தினமும் ஷாம்பு போடாதே என்பது பிரெஞ்சு அழகுக் குறிப்புகளிலும் அடிக்கடி வரும் வாக்கியம்.

மருந்துக்கடையில் அழகு

பிரெஞ்சுப் பெண்கள் முகக் கிரீமைப் பெரும்பாலும் மருந்துக்கடையில்தான் வாங்குகிறார்கள். பச்சைச் சிலுவை விளக்கெரியும் அந்தக் கடைகளில் மருந்தாளுநரிடம் சருமத்தைக் காட்டிக் கேட்டு வாங்குவது அங்கே வழக்கம். அழகு அவர்களுக்கு உடல்நலத்தின் ஒரு பகுதி. நமக்கும் அப்படித்தான் இருந்தது. முஞ்சிறையில் அகில திருவிதாங்கூர் சித்த வைத்திய சங்கத்தின் கல்லூரியே இருக்கிறது. எங்கோ ஒரு பார்லரில் பெயர் தெரியாத பசையை முகத்தில் பூசும் முன், படித்த ஒரு வைத்தியரிடமோ தோல் மருத்துவரிடமோ ஒரு வார்த்தை கேட்பது நல்லது. கஸ்தூரி மஞ்சளானாலும் முதலில் முழங்கையின் உட்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள்.

தேன் ஊர்

மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு உண்டு. 1920-களில் இங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், ஏழைக் குடும்பங்களுக்கு வருமானமாகப் பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். ரப்பர் மரங்கள் பெருகியபின் தேனும் பெருகியது. ரப்பரின் இளந்தளிர்க் காம்பில் சுரக்கும் இனிப்பைத் தேனீ எடுக்கிறது. தேன் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் பொருள். காய்ந்த உதட்டில் ஒரு சொட்டு தடவிப் பத்து நிமிஷம் விட்டுக் கழுவுங்கள். விலை கூடிய டப்பாக்கள் பலவற்றில் இருப்பதும் இதே குணம்தான்.

நிறம் மாற்றும் பேச்சு வேண்டாம்

1975 முதல் இந்தியாவில் விற்ற ஒரு பிரபல கிரீம் 2020-இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. பிரான்ஸில் 2017 அக்டோபர் முதல், மாடலின் உடலைக் கம்ப்யூட்டரில் மெலிய வைத்த விளம்பரப் படத்தில் 'திருத்திய படம்' என்று எழுதியே ஆக வேண்டும். பெண் பார்க்க வந்த இடத்தில் "நிறம் கொஞ்சம் கம்மி" என்று சொல்பவர்கள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள். பிரெஞ்சுப் பாணியில் எதைக் கடன் வாங்காவிட்டாலும் இதை வாங்குவோம்: சருமத்தை ஆரோக்கியமாக வைப்பது நம் வேலை, அதன் நிறத்துக்காக வெட்கப்படுவது யாருடைய வேலையும் அல்ல.

தைத்தால் தள்ளுபடி

2023 நவம்பரில் பிரான்ஸில் ஒரு திட்டம் தொடங்கியது: கிழிந்த துணியையோ தேய்ந்த செருப்பையோ அதில் சேர்ந்த கடையில் பழுது பார்த்தால், தொடக்கத்தில் 6 முதல் 25 யூரோ வரை தள்ளுபடி. குப்பையைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு. நம் ஊரிலோ தையல் மிஷின் சத்தம் கேட்காத தெரு குறைவு. கடையில் வாங்கிய குர்தாவின் தோளை அரை அங்குலம் பிடிக்க, கை நீளத்தைக் குறைக்க ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. பிரெஞ்சுப் பெண்ணின் உடை விலை கூடியதாகத் தெரிவதன் பாதி ரகசியம் அளவில்தான் இருக்கிறது. தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். அது ஒன்று சரியானால் மற்றதெல்லாம் தானே அடங்கும்.

இந்த வாரமே தொடங்க ஐந்து வேலை

1. அலமாரியை முழுக்கக் கட்டிலில் கொட்டுங்கள். ஒரு வருஷமாகத் தொடாததைத் தனியே வையுங்கள். யாருக்காவது பொருந்தும் என்றால் துவைத்து, மடித்துக் கொடுங்கள்.

2. உங்கள் முகத்துக்குப் பொருந்தும் மூன்று நிறங்களைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் நின்று கண்டுபிடியுங்கள். கடை விளக்கை நம்ப வேண்டாம்.

3. அளவு சரியில்லாத இரண்டு உடைகளைத் தையல்காரரிடம் கொண்டுபோங்கள்.

4. வீட்டிலிருந்து கிளம்பும் முன் கண்ணாடி பார்த்து ஒரு நகையைக் கழற்றுங்கள். கம்மல் பெரிதென்றால் மாலை வேண்டாம்.

5. ராத்திரி முகம் கழுவாமல் படுக்காதீர்கள். வெயிலில் இறங்கும் முன் சன்ஸ்கிரீனும் குடையும். மற்ற எல்லாப் பூச்சும் அப்புறம்தான்.

டெனிமும் நேரியலும்

ஜீன்ஸ் துணியின் பெயரான 'டெனிம்' பிரான்ஸின் நீம் நகரத்திலிருந்து வந்தது என்பார்கள். 'தெ நீம்' என்றால் பிரெஞ்சில் 'நீமிலிருந்து'. போன மாசம் அண்ணன் மகள் காலேஜுக்கு அந்த டெனிம் பேன்டும் வெள்ளைச் சட்டையுமாகக் கிளம்பினாள். கழுத்தில் மட்டும் ஏதோ குறைகிறது என்று அலமாரியைக் குடைந்து, அம்மச்சியின் நேரியலை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். யூடியூபில் பார்த்த பிரெஞ்சு முடிச்சாம். உண்மையிலேயே அழகாக இருந்தது.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. 1859-ஐப் பற்றி அவளுக்குச் சொன்னேன். இந்தத் துணியைத் தோளில் போட்டதற்காகச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள் என்றதும், "நம்ம ஊர்லயா, அத்தை?" என்று கேட்டாள். பிறகு முடிச்சை அவிழ்த்தாள். கழற்றி வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். "ஒரு பக்கம் பிடிங்க" என்று இரண்டு முனையை என்னிடம் நீட்டினாள். எதிரெதிரே நின்று இழுத்தோம். 'டப்' என்று சத்தம் வந்தது. சுருக்கம் போன நேரியலைப் பழைய மடிப்பிலேயே மடித்து, இடது தோளில் நீளமாகப் போட்டுக்கொண்டு பஸ் ஏறப் போனாள்.